தங்கத்துக்கு ஒரு தீர்ப்பு, உயிருக்கு ஒரு தீர்ப்பு

நாடு சுதந்திரம் பெற்று ஐந்து வாரம் ஆகியிருந்தது. 1947 செப்டம்பர் 20ஆம் தேதி நள்ளிரவு வாக்கில், அமிர்தசரஸ் நகை வியாபாரி ஒருவர் தங்கமும் வெள்ளியும் விற்பதற்காக மீரட் நகருக்கு ரயிலில் வந்திறங்கினார். கடைத்தெரு வழியாக நடந்து போனவரைக் கான்ஸ்டபிள்கள் பிடித்து ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அவரிடம் இருந்த 103 தோலாத் தங்கமும் மணங்குக் கணக்கில் இருந்த வெள்ளியும் பறிமுதல் ஆயின. மறுநாள் ஜாமீனில் விட்டார்கள். பிறகு வெள்ளி திரும்ப வந்தது. தங்கம் வரவில்லை. காவல் நிலையப் பொருள் அறைக்குப் பொறுப்பாக இருந்த ஏட்டு அதை எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்குப் போய்விட்டார்.

வியாபாரியின் நிறுவனம் உத்தரப்பிரதேச அரசின் மீது வழக்குப் போட்டது. சட்டப் புத்தகங்களில் 1965ஆம் ஆண்டுத் தொகுதியில் இருக்கும் கஸ்தூரி லால் வழக்கு இதுதான். காவலர்கள் கவனக்குறைவாக நடந்தார்கள் என்பதை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் பணம் தர மறுத்தது. கைது செய்வதும் பறிமுதல் செய்வதும் அரசின் இறையாண்மைச் செயல்கள். அவற்றைச் செய்யும்போது ஊழியர் தவறினால் அரசு பொறுப்பேற்க வேண்டியதில்லை என்பது காரணம். கம்பெனி ஆட்சி முடிந்து மூன்றே ஆண்டுகளில், 1861இல், கல்கத்தா உச்ச நீதிமன்றம் ஒரு கப்பல் கம்பெனியின் குதிரைக்கு ஏற்பட்ட காயம் பற்றிய வழக்கில் போட்ட கோடு அது. துறைமுகத் தொழிலாளர்கள் இரும்பைப் போட்டதில் மிரண்டு காயம்பட்ட குதிரைக்கு அந்த வழக்கில் பணம் கிடைத்தது, அது வணிகச் செயல் என்பதால். ஆட்சிச் செயலாக இருந்திருந்தால் கிடைத்திருக்காது என்று நீதிபதிகள் சொல்லிவைத்தார்கள். நூறு ஆண்டு கழித்து மீரட் தங்கத்தின் மேல் வந்து விழுந்தது அந்த வாக்கியம்.

கஸ்தூரி லால் தீர்ப்பை எழுதியவர்களுக்கே அதில் மனம் ஒப்பவில்லை. சட்டமன்றங்கள் இதற்கென ஒரு சட்டம் இயற்ற வேண்டும் என்று தீர்ப்பிலேயே எழுதினார்கள். அதற்கு முன்பே, 1956இல், இந்திய சட்ட ஆணையம் தன்னுடைய முதல் அறிக்கையாக எடுத்துக்கொண்ட பொருளும் இதுவே: அரசு ஊழியரின் தவறுக்கு அரசின் பொறுப்பு என்ன? அறுபதுகளில் மசோதாவும் வந்தது, காலாவதி ஆனது. சட்டம் இன்றுவரை வரவில்லை. காவல் நிலையத்தில் ஒருவர் இறந்தால் அவர் குடும்பத்துக்கு அரசு எவ்வளவு தர வேண்டும், எப்போது தர வேண்டும், யாரிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்று சொல்லும் பொதுச் சட்டம் இந்தியாவில் கிடையாது. இருப்பதெல்லாம் நீதிமன்றங்கள் வழக்குக்கு வழக்கு கட்டிய பாலம்தான்.

அந்தப் பாலத்தின் முதல் கல் பீகாரில் விழுந்தது. 1968இல் விடுதலை செய்யப்பட்ட ஒருவரைச் சிறை நிர்வாகம் 1982 வரை உள்ளேயே வைத்திருந்தது. பதினான்கு ஆண்டுகள். ருதுல் சா வழக்கு என்று பெயர். 1983 ஆகஸ்டில் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் அமர்வு, அரசு ஏற்கெனவே கொடுத்திருந்த 5,000 ரூபாயோடு மேலும் 30,000 ரூபாய் தரச் சொன்னது. சிவில் நீதிமன்றத்துக்குப் போ என்று அனுப்பாமல், அடிப்படை உரிமை மனுவிலேயே பணம் தர உத்தரவிட்டதுதான் அதில் புதுமை. அடுத்த ஆண்டு, ராணுவம் அழைத்துப்போய்த் திரும்பி வராத மணிப்பூர்க்காரர் இருவரின் மனைவிகளுக்குத் தலா ஒரு லட்சம். 1990இல், டெல்லி காவலர் அடித்து இறந்துபோன ஒன்பது வயதுச் சிறுவனின் தாய்க்கு 75,000. தொகைகளுக்கு இடையே ஒரு கணக்கும் இல்லை என்பதைக் கவனிக்கலாம். நீதிபதிகள் மனத்தில் தோன்றியதைத் தந்தார்கள். அப்போதைக்கு அதுவே பெரிய காரியம்.

பாலம் உறுதிப்பட்டது ஒரு தாயின் கடிதத்தால். ஒடிசாவில் ஜரைகேலா காவல் சாவடி 1987 டிசம்பர் 1ஆம் தேதி ஒரு திருட்டு விசாரணைக்காக 22 வயது இளைஞர் ஒருவரைப் பிடித்துப்போனது. மறுநாள் அவர் உடல் ரயில் தண்டவாளத்தில் கிடந்தது. விடியற்காலை மூன்று மணி வாக்கில், கட்டியிருந்த கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துத் தப்பிவிட்டார், பிறகு ரயிலில் அடிபட்டார் என்றது போலீஸ். தப்பியவரைத் தேடிப் போனதற்கு நம்பத்தகுந்த சாட்சியம் ஏதும் இல்லை. உடலில் இருந்த காயங்கள் தடி போன்ற மொட்டையான ஆயுதத்தால் ஏற்பட்டவை என்று மருத்துவச் சாட்சியம் சொன்னது. தாய் நீலாபதி பெஹரா 1988 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. மாவட்ட நீதிபதி விசாரித்து, போலீஸ் காவலில் பட்ட அடியால்தான் மரணம் என்று அறிக்கை தந்தார். 1993 மார்ச் 24 அன்று தீர்ப்பு.

நீதிபதி ஜே.எஸ். வர்மாவும் தனியாக ஒத்த தீர்ப்பு எழுதிய நீதிபதி ஏ.எஸ். ஆனந்தும் அதில் செய்தது நுட்பமான வேலை. கஸ்தூரி லாலை அவர்கள் தூக்கி எறியவில்லை. ஓரமாக நகர்த்தி வைத்தார்கள். அது சிவில் வழக்குக்கு உரிய விதி. அடிப்படை உரிமை மீறப்பட்டதற்காக அரசியல் சாசனத்தின் 32, 226ஆம் பிரிவுகளின் கீழ் வருகிறவருக்கு அந்த விதி பொருந்தாது என்றார்கள். அரசு தன் பிடியில் வைத்திருந்த உயிருக்கு அரசே நேரடிப் பொறுப்பு. ஏட்டின் தவறுக்கு முதலாளி பொறுப்பா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

தொகை 1,50,000 ரூபாய். இறந்தவரின் மாத வருமானம் 1,200 முதல் 1,500 ரூபாய் வரை என்று மாவட்ட நீதிபதி கண்டறிந்திருந்தார். வகுத்துப் பார்த்தால் எட்டு முதல் பத்து ஆண்டு வரையிலான கூலி. பணத்தை மூன்று ஆண்டு வைப்புத்தொகையாக வங்கியில் போட வேண்டும், அதுவரை தாய்க்கு வட்டி மட்டும் என்றும் உத்தரவு இருந்தது. ஏழைப் பெண்ணின் கையில் மொத்தமாகப் பணம் வந்தால் யாராவது பிடுங்கிக்கொள்வார்கள் என்ற நீதிமன்றத்தின் அக்கறை புரிகிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் தன் பணத்தைத் தானே கையாளத் தெரியாதவள் என்று கருதப்படுவதும் கூடவே தெரிகிறது.

1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் கைதுக்கான பதினொரு நெறிமுறைகளை வகுத்த அமர்வு, இழப்பீட்டு உரிமையை நிலையான கொள்கையாக ஏற்றது. கூடவே இன்னொன்றும் சொன்னது: இப்படித் தரப்படும் தொகையைப் பிற்பாடு சிவில் வழக்கில் கிடைக்கும் நஷ்டஈட்டில் கழித்துக்கொள்ளலாம். அதாவது, முழுக் கணக்கையும் சிவில் நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும், இது முதல் தவணை போல. ஏட்டில் நல்ல ஏற்பாடு. கோர்ட் கட்டணம் கட்டி, பத்து வருடம் மாவட்ட நீதிமன்றத்துக்கு நடந்து, இறந்தவரைப் பிடித்துப்போன அதே ஸ்டேஷன்காரர்களுக்கு எதிராகச் சாட்சி திரட்டும் கூலித் தொழிலாளி குடும்பங்கள் எத்தனை இருக்க முடியும்? முதல் தவணையே பெரும்பாலோருக்கு முழுத் தொகை.

அந்தத் தவணையின் அளவு என்ன என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2017 ஏப்ரல் முதல் 2022 மார்ச் வரையிலான ஐந்து ஆண்டுகளில் நாடு முழுவதும் போலீஸ் காவலில் 669 மரணங்கள் பதிவாயின என்று ஒன்றிய உள்துறை நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு வந்த தகவல்கள் இவை. தமிழ்நாட்டின் பங்கு 40. அதே ஐந்து ஆண்டுகளில் போலீஸ் காவல் மரணங்களுக்காக ஆணையம் 201 வழக்குகளில் பணம் தரப் பரிந்துரைத்தது. மொத்தம் ஏறத்தாழ 5 கோடியே 80 லட்சம் ரூபாய். ஒழுங்கு நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது ஒரே ஒரு வழக்கில்.

201 வழக்குகளும் அந்த 669 மரணங்களுக்குள் அடங்குபவை என்று சொல்ல முடியாது. முந்தைய ஆண்டுகளின் வழக்குகளும் கலந்திருக்கும். ஆனால் சராசரி எடுப்பதற்குத் தடை இல்லை: ஒரு வழக்குக்கு ஏறத்தாழ 2 லட்சத்து 89 ஆயிரம். 1993இல் நீலாபதிக்குக் கிடைத்ததைப் போல ஏறத்தாழ இரட்டிப்பு என்று தோன்றும். நம் வீட்டுப் பெண்கள் பணத்தை அளக்கும் முறையில் அளந்து பார்ப்போம். 1993இல் ஒரு சவரன் மூவாயிரத்துச் சொச்சம். ஒன்றரை லட்சத்துக்கு நாற்பத்தைந்து சவரனுக்கு மேல் வாங்கியிருக்கலாம். 2022இல் சவரன் 38,000 ரூபாயை ஒட்டி இருந்தது. 2.89 லட்சத்துக்கு ஏழெட்டுச் சவரன். தங்கம் மற்ற விலைகளைவிட வேகமாக ஏறியது என்பது உண்மைதான். எந்த அளவுகோலை எடுத்தாலும் தொகை கீழே போயிருக்கிறது என்பதும் உண்மை.

இன்னொரு அளவுகோல் பேருந்து. 28 வயது, கல்யாணம் ஆகாத கூலித் தொழிலாளி. நாளுக்கு 600 ரூபாய், மாதம் 25 நாள் வேலை. அரசுப் பேருந்து மோதி இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் எப்படிக் கணக்குப் போடும் என்பது 2009, 2017ஆம் ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு வக்கீல் குமாஸ்தாவுக்கும் மனப்பாடம். மாதம் 15,000, எதிர்கால வருவாய் உயர்வுக்காக 40 விழுக்காடு கூட்டினால் 21,000, தனியாள் என்பதால் சொந்தச் செலவுக்குப் பாதி போக 10,500, ஆண்டுக்கு 1,26,000, அந்த வயதுக்குரிய பெருக்கல் எண் 17. இருபத்தொரு லட்சத்து 42 ஆயிரம். ஈமச் செலவு, பெற்றோர் பிரிவுத் துயருக்கான தொகை எல்லாம் சேர்த்தால் இருபத்திரண்டரை லட்சம். ஓட்டுநரின் கவனக்குறைவால் சாலையில் இறந்தால் இவ்வளவு. அதே ஆள் ஸ்டேஷனுக்குள் அடிபட்டு இறந்தால், பரிந்துரையின் சராசரி மூன்று லட்சத்துக்கும் கீழே.

காரணம் எளிது. பேருந்துக்குச் சட்டம் இருக்கிறது, தீர்ப்பாயம் இருக்கிறது, அட்டவணை இருக்கிறது. லாக்கப்புக்கு இல்லை. காவல் மரண வழக்குகளில் சில உயர் நீதிமன்ற அமர்வுகள் இந்தப் பெருக்கல் முறையைக் கடன் வாங்கிக் கையாண்டிருக்கின்றன. சில அமர்வுகள் மொத்தத் தொகையாக ஒன்றைச் சொல்கின்றன. பெருக்கல் முறை வந்தாலே போதும் என்று வாதிடுபவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடுதான். அந்தக் கணக்கு கூலியில் தொடங்குகிறது. கூலி குறைந்தவரின் உயிருக்குத் தொகையும் குறையும். காவல் நிலையத்தில் அடிபட்டுச் சாகிறவர்கள் யார் என்று நமக்குத் தெரியும், ஐ.டி. கம்பெனி மேலாளர்கள் அல்லர். விபத்தில் கேள்வி, குடும்பம் எதை இழந்தது என்பது. காவல் மரணத்தில் அரசு என்ன செய்தது என்பதும் கேள்வி. இரண்டாவது கேள்விக்கான விடையைக் கூலிச் சீட்டில் தேட முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் விதிகள் இதில் ஓரளவு நேராக இருக்கின்றன: 2016இல் திருத்தப்பட்ட அட்டவணைப்படி, பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த ஒருவர் கொல்லப்பட்டால் குடும்பத்துக்கு 8.25 லட்சம், பாதி உடற்கூறாய்வு முடிந்ததும், பாதி குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போகும்போது. மனைவிக்கு மாத ஓய்வூதியம், பிள்ளைகளின் படிப்பு, வேலை, வீடு எல்லாம் எழுத்தில் இருக்கின்றன. கூலி எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அதற்கு முதல் தகவல் அறிக்கையில் அந்தச் சட்டப் பிரிவு ஏற வேண்டும். ஏற்ற வேண்டியவரும் காவல்துறைக்காரர்.

தமிழ்நாட்டில் இழப்பீடு என்பது பெரும்பாலும் நீதிமன்றத்தில் தொடங்குவதில்லை, அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் தொடங்குகிறது. "உடலை வாங்க மாட்டோம்" என்பது இங்கே ஒரு போராட்ட முறை. சம்பந்தப்பட்டவர்களைக் கைது செய். கொலை வழக்காக மாற்று. குடும்பத்தில் ஒருவருக்கு வேலை கொடு. இத்தனை லட்சம் கொடு. கட்சிக்காரர்கள், வக்கீல்கள், ஊர்ப் பெரியவர்கள் ஒரு பக்கம். கோட்டாட்சியர், தாசில்தார், டி.எஸ்.பி. மறு பக்கம். குளிர்பெட்டியில் உடல் கிடக்கப் பேச்சுவார்த்தை நடக்கும். ஒரு குடும்பத்தின் வாழ்நாள் ஏற்பாடு, அந்தக் குடும்பம் மிகவும் உடைந்திருக்கும் இரண்டு நாட்களில் பேசி முடிக்கப்படும். கூட்டம் எவ்வளவு, தொலைக்காட்சி காமிரா எத்தனை, தேர்தல் எவ்வளவு பக்கம் என்பதைப் பொறுத்துத் தொகை கூடும், குறையும். காமிரா வராத ஊர்களில் மறுநாளே தகனம் முடிந்துவிடும்.

சாத்தான்குளத்தில் 2020 ஜூன் 19 அன்று கைதான தந்தையும் மகனும் நான்கு நாட்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். மாநிலமே கொதித்தது. அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி தலா 10 லட்சமும் குடும்பத்தில் ஒருவருக்கு அரசு வேலையும் அறிவித்தார். தொகை சிறிதல்ல. ஆனால் அந்த அறிக்கை மரணத்துக்குக் காரணமாகச் சொன்னவை மூச்சுத்திணறலும் உடல்நலக் குறைவும். மூச்சுத்திணறி இறந்தவருக்கு அரசு எதற்காகப் பத்து லட்சம் தர வேண்டும்? இந்தக் கேள்வியை எழுப்பாமலேயே பணம் தர வழிசெய்யும் சொல் ஒன்று நம்மிடம் இருக்கிறது: நிவாரணம். பட்டாசு ஆலை வெடித்தால் நிவாரணம், இடி விழுந்தால் நிவாரணம், வெள்ளம் வந்தால் நிவாரணம். துயரைத் துடைக்கும் கை அது; துயர் யாரால் வந்தது என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை. கருணைத் தொகை என்ற சொல் இன்னும் ஒரு படி மேலே போய், கொடுப்பவரை வள்ளலாக்கிவிடுகிறது. இழப்பீடு அப்படிப்பட்ட சொல் இல்லை. இழப்பை உண்டாக்கியவர்தான் அதை ஈடு செய்ய முடியும். சாத்தான்குளம் மரணங்களுக்குக் காவல் நிலையத்தில் நடந்த சித்திரவதையே காரணம் என்று பிறகு சி.பி.ஐ. ஒன்பது காவலர்கள் மீது கொலைக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. முன்னமே கொடுத்த பணத்தின் பெயர் அதனால் மாறவில்லை.

2025 ஜூன் இறுதியில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் காளி கோயிலின் காவலாளி, பக்தர் ஒருவரின் ஏறத்தாழ பத்துச் சவரன் நகை காணாமல் போன புகாரில் விசாரிக்கப்பட்டு இறந்தார். உடற்கூறாய்வில் 44 காயங்கள். அரசு வீட்டுமனைப் பட்டாவும் தம்பிக்கு ஆவினில் வேலையும் கொடுத்தது, வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர உத்தரவிட்டது. முந்தைய தொகைகளோடு ஒப்பிட்டால் பெரிய தாவல் இது. இடைக்காலம் என்ற சொல்லும் முக்கியம்: கணக்கு முடியவில்லை என்று அதற்குப் பொருள். ஆனால் இதையே அடுத்த வழக்குக்கு அளவாக வைக்க அரசைக் கட்டாயப்படுத்தும் விதி எதுவும் இல்லை. இந்த வழக்கை நாடே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்படி நாடு பார்க்காத வழக்குகள் கடக்க வேண்டிய இறுக்கமான வாசல் ஒன்று இருக்கிறது. உரிமை மீறல் மறுக்க முடியாதபடி வெளிப்படையாக இருந்தால்தான் இழப்பீட்டு அதிகாரத்தைப் பயன்படுத்த வேண்டும் என்று 2006இல் சுபே சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. காவல் நிலையத்துக்குள் நடந்ததை மறுக்க முடியாதபடி நிரூபிப்பது யார்? இறந்தவர்களின் விஷயத்தில் உடல் ஒரு சாட்சி. அடிபட்டு உயிரோடு வந்தவருக்கு அந்தச் சாட்சியும் ஆறிப்போய்விடும். ஊமைக்காயம் என்ற நம் சொல்லுக்கு இந்த இடத்தில் சட்ட முக்கியத்துவம் உண்டு. காவலில் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் அதை ஏற்படுத்தியவர் காவலரே என்று நீதிமன்றம் அனுமானிக்க இடம் தரும் பிரிவைச் சாட்சியச் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 1985இல் தன் 113ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. 2017இல் 273ஆம் அறிக்கையில் திரும்பவும் கேட்டது. 2023இல் சாட்சியச் சட்டத்தையே புதிதாக எழுதினார்கள். பிரிவு சேரவில்லை.

பணம் யாருடையது என்ற கேள்விக்கு வருவோம். இதுவரை சொன்ன தொகைகள் எல்லாம் கருவூலத்திலிருந்து போகின்றன. அடித்தவரின் சம்பளத்தில் ஒரு ரூபாய் குறைவதில்லை என்றால், நிர்வாகத்துக்கு இது மின்கட்டணம் போல ஒரு செலவினம். மனித உரிமை ஆணையங்களின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்துபவை என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட முழு அமர்வு 2021 பிப்ரவரியில் சொன்னது. பாதிக்கப்பட்டவருக்கு அரசு முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு அலுவலரிடம் வசூலிக்கலாம் என்றும் சொன்னது. அதற்கு முன் பரிந்துரை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டே ஆண்டுகளை ஓட்டியவர்கள் உண்டு. காவல் மரண வழக்கு அல்லவென்றாலும், சீருடைக் குற்றத்தின் கணக்கு எப்படித் தீர்க்கப்பட வேண்டும் என்பதற்கு வாச்சாத்தி கிராம வழக்கு ஒரு முன்மாதிரி. 2023 செப்டம்பர் 29 அன்று நீதிபதி பி. வேல்முருகன் தண்டனைகளை உறுதி செய்தபோது, பாலியல் வன்கொடுமைக்கு உள்ளான 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம் தரச் சொல்லி, அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கவும் உத்தரவிட்டார். குற்றம் நடந்தது 1992இல். முப்பத்தோரு ஆண்டு கழித்து ஐந்து லட்சம் யாருடைய பையிலிருந்து வர வேண்டும் என்று ஒரு நீதிமன்றம் பெயர் சொல்லிக் காட்டியது.

தூரமும் காலமும் இந்த மண்ணில் இந்தக் கதையின் பழைய பாத்திரங்கள். நிலவரி வசூலுக்காகக் குடியானவர்களைக் கிட்டி போட்டு நெரித்தார்கள் என்ற புகார்களை விசாரிக்க 1854இல் மதராஸ் மாகாணத்தில் அமைக்கப்பட்ட ஆணையத்துக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் முறையீடுகள் வந்தன. நூற்றுக்கணக்கானோர் நேரில் வந்து சொன்னார்கள். 1855இல் வந்த அறிக்கை, சித்திரவதை நடப்பதை ஒப்புக்கொண்டதோடு, பரிகாரம் தேடுவதில் ஏழைக்கு இருந்த இடர்களையும் பதிவு செய்தது: அதிகாரி தொலைவில், பயணச் செலவு, வேலையிழப்பு, திரும்பி வந்தால் அதே ஊழியரின் முகம். வரி வசூலும் காவலும் ஒரே கையில் இருந்ததைப் பிரித்து 1859இல் மாகாணக் காவல் சட்டம் வந்தது. அடிபட்டவருக்குப் பணம் தருவது பற்றி அந்தச் சட்டம் கவலைப்படவில்லை.

சுதந்திர இந்தியா 1979 ஏப்ரலில் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன் ஒன்பதாம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு, சட்டவிரோதமாகக் கைது செய்யப்பட்டவருக்கோ காவலில் வைக்கப்பட்டவருக்கோ செயல்படுத்தத்தக்க இழப்பீட்டு உரிமை உண்டு என்கிறது. அந்த உட்பிரிவைப் பொறுத்தவரை, இந்தியச் சட்ட முறையில் அப்படி ஓர் உரிமை இல்லை என்று அரசு ஒதுக்கீடு எழுதிக் கொடுத்தது. நீதிமன்றங்கள் இழப்பீடு தரத் தொடங்கிவிட்ட பிறகு அந்த ஒதுக்கீட்டுக்குப் பொருள் இல்லாமல் போய்விட்டது என்று டி.கே. பாசு தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. ஐ.நா. ஆவணத்தில் இந்தியாவின் பெயருக்கு நேரே அது இன்னும் இருக்கிறது.